சாக்குக்குள் இருந்த பழைய வீடு

பினாங்கு
14.3.1977

அன்பு மகள் தவமணிக்கு,

உன் அம்மா குணவதி எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. சீமைக்காரர்களுக்கெல்லாம் ஊசி போடுகிற பெண், உனக்கு ஒன்று என்றால் நீயே குத்திக்கொள்வாய். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். போன தடவை அனுப்பிய போட்டோவில் உன் முகத்துக்கு முன்னால் உன் கழுத்தெலும்புதான் வந்து எனக்கு வணக்கம் சொன்னது.

நாங்கள் புது வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி. லிப்ட் எட்டிலும் பன்னிரண்டிலும்தான் நிற்குமாம். நாங்கள் எட்டில் இறங்கி ஒரு மாடி ஏறிக்கொள்கிறோம். சமையலறை ஜன்னலில் நின்றால் தூரத்தில் கடலும் ஃபெரியும் தெரிகின்றன. அக்கரையில், பிறையில் வேலை முடிந்து அப்பா வருகிற ஃபெரி எது என்று தெரியாமல் போகிற வருகிற எல்லா ஃபெரிக்கும் சேர்த்து உலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீடு மாற்றிய கூத்தைச் சொல்ல வேண்டும். லாரியில் உன் அப்பா முதலில் எதை ஏற்றினார் தெரியுமா? சாமி படமும் இல்லை, அரிசியும் இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்குமே அந்தக் கோணிச் சாக்கு, அதுதான் முதலில் ஏறியது. நீ சின்னப் பிள்ளையில் சோறு தின்ன அடம்பிடித்தால் அதற்குள் பாம்பு இருக்கிறது என்று பயம் காட்டுவேனே, அதே சாக்கு. துருப்பிடித்த ஆணியும் ஓட்டைக் குழாயும். ஒரு தடவை பழைய இரும்பு வாங்குகிற சீனனிடம் நாலு வெள்ளிக்கு நான் அதை விற்றதும், இவர் வேலை முடிந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை மிதித்துப் போய் ஐந்து வெள்ளி கொடுத்து மீட்டு வந்ததும் நினைவிருக்கிறதா? ஒரு வெள்ளி நட்டத்தில் குப்பை வாங்கிய ஒரே மனிதர் இந்தப் பினாங்கில் உன் அப்பாதான்.

அது போதாதென்று எங்கள் கட்டில் பலகை. அது லிப்டுக்குள் நுழையவில்லை. இதை இங்கேயே போட்டுவிட்டு வேறு பலகை வாங்கலாம் என்றேன். "ம்" என்றார். இந்த "ம்" முடியாது என்கிற "ம்". அவரும் அவர் கூட்டாளி பழனியப்பன் அண்ணனும் ஒன்பது மாடியும் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பழனியப்பன் அண்ணன் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, "ஏம்பா சுப்பையா, இதுல தங்கத் தகடு ஏதும் அடிச்சு வெச்சிருக்கியா லா?" என்று கேட்டார். அதற்கும் ஒரு "ம்".

சரி, சிரித்தது போதும். ஒரு கவலை சொல்கிறேன்.

இந்த வீட்டின் சொந்தக்காரி நூர்ஜான் அக்கா, சௌராஸ்தா பாசாரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். நம் முகத்தை நம்பி முன்பணம் வாங்காமலேயே சாவியைக் கொடுத்தாள். இருநூற்று எழுபது வெள்ளியை இந்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. பழைய வீட்டுக்காரரிடம் நம் முன்பணம் முந்நூறு இருக்கிறதே, அதை வாங்கி இங்கே கொடுத்தால் சரியாகிவிடும் என்று நானும் மார்தட்டிச் சொல்லிவிட்டேன். முந்நூறு என்றால் சும்மா இல்லை. அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என் தாலிக்கொடியைத் தவிர மற்றதை அடகு வைத்து நூற்றைம்பது, பிறகு வாடகை ஏற்றியபோது அப்பா ஓவர்டைம் செய்து இன்னொரு நூற்றைம்பது.

பழைய வீட்டுக்காரர் ஐயாத்துரை ஐயாவை உனக்குத் தெரியும். ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியாக இருந்து ரிட்டையர் ஆனவர். வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கூடக் கலையாது. திருடுகிற ஆள் இல்லை, நானே சொல்வேன். ஆனால் நாம் குடிவந்த அன்று டைப் அடித்து வைத்த லிஸ்டை, பதினாலு வருஷம் கழித்து அதே கோப்பில் இருந்து அதே குண்டூசியோடு எடுத்தார் பார். கதவு இத்தனை, குழாய் இத்தனை, கொக்கி இத்தனை என்று இருக்கிறது. கொடுத்தது கொடுத்தபடி திரும்ப வர வேண்டுமாம்.

பின்கதவு பழைய கதவு இல்லையாம், அதற்கு எழுபது வெள்ளி பிடித்தம். குளியலறைக் குழாய் பழைய குழாய் இல்லையாம், இருபது. உன் அறை ஜன்னல் கொக்கி மேலே இருந்ததாம், இப்போது கீழே இருக்கிறதாம், முப்பது. அடுப்படிச் சுவரில் கரி, அறுபது. கூடத்துச் சுவரில் ஆணி அடித்த ஓட்டை பதினாலு, ஓட்டைக்கு இரண்டு வெள்ளி. பாப்பா, அந்தக் கதவு கறையான் தின்றது. அந்தக் குழாய் ஒழுகி ஒழுகி என் காலில் சேற்றுப்புண் வந்தது. உன் அப்பா சொந்தக் காசில் நல்லதாக மாற்றிப் போட்டதற்குத் தண்டம் கட்டச் சொல்கிறார்.

சும்மா விடுவேனா? இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனேன். சாமி படம் மாட்டத்தானே ஐயா ஆணி அடித்தோம், அதுவும் பதினாலு எங்கே இருக்கிறது, எண்ணிக் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினார். பதினேழு இருந்தது. "நீர் சொன்னது சரி பிள்ளை, என்ர கணக்குப் பிழை" என்று சொல்லி இன்னும் ஆறு வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா வாய் திறந்த கூலி அது. மொத்தப் பிடித்தம் இருநூற்றுப் பதினாலு. கைக்கு வருவது எண்பத்தாறு. எண்பத்தாறை வாங்கிக்கொண்டு நூர்ஜான் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? அவள் அண்ணன் மகன் குடும்பம் இந்த வீட்டுக்காக மூட்டை கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவிடம் வந்து அழாத குறையாகச் சொன்னேன். நீங்கள் ஆம்பிளை, ஒரு தடவை போய் நாலு வார்த்தை கேளுங்கள் என்றேன். "ம்" என்றார். கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்தார். பிறகு படுத்துத் தூங்கிவிட்டார்.

நீ கேட்டிருந்த விஷயம். படிப்பு முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்து பிரசவம் பார்க்கிற படிப்பையும் முடிக்கலாமா என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அதற்கும் "ம்"தான். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த "ம்" எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பா ஒரு வரி கூட எழுதுவதில்லையே, நான் சீமைக்கு வந்தது அவருக்குக் கோபமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கே எழுதாத மனுஷன் உனக்கு எங்கே எழுதப் போகிறார். மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீலத் தபால் காகிதம் முடிந்துவிட்டது, ஒட்டுகிற ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குயின் ஸ்திரீட் மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முந்நூறு வந்தால் அவளுக்கு ஒரு மாலை. வராவிட்டால் அவளும் நானும் பேசிக்கொள்வோம்.

உன் அம்மா,
குணவதி


பினாங்கு
29.3.1977

என் தங்க மகள் தவமணிக்கு,

அம்மாவின் முத்தங்கள். இந்தத் தடவை நீலக் காகிதம் இல்லை, கவர். தபால் தலைக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டால் நீ மயங்கி விழுவாய். ஏன் கவர் என்பது கடைசியில் தெரியும். முன்னால் கவரைக் குலுக்கிப் பார்த்தாயானால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி வைத்துவிட்டு, ஒழுங்காக முதல் வரியிலிருந்து படித்து வா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். பழனியப்பன் அண்ணன் தன் வேனோடு கீழே வந்து ஹாரன் அடித்தார். உன் அப்பா என்னை எழுப்பி நிறுத்தி, நான் படுத்திருந்த மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். கட்டில் பலகையைத் தூக்கினார். சாக்கைத் தூக்கினார். ஆயுதப் பெட்டி, ஒரு தகரம் சுண்ணாம்பு, மட்டைப் பிரஷ். எங்கே போகிறீர்கள் என்றேன். "ஐயா வீட்டுக்கு" என்றார். என் வாய் போய் ஆறு வெள்ளி நட்டம், உடம்பாவது கூடப் போகட்டும் என்று நானும் வேனில் ஏறிக்கொண்டேன். பாதி வழியில்தான் எனக்கு யோசனை வந்தது. பேசாத மனிதர்கள் கை நீட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்த ஆயுதப் பெட்டியில் சுத்தியல் வேறு இருக்கிறது.

ஐயாத்துரை ஐயா பழைய வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். முந்தின நாளே இவர் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார், எனக்குத்தான் தெரியாது. ஐயாவின் சம்சாரம் கமலாம்பிகை அம்மாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கேட்டார். "ஐயா, லிஸ்ட்டு எடுத்தாந்தீங்களா?"

"கொண்டந்தனான். ஏன்?"

"குடுத்தது குடுத்தபடி திரும்ப வரணும்னு சொன்னீங்களாம். அதான் கொண்டாந்துட்டேன்."

பாப்பா, எங்கள் கல்யாணத்தன்று கூட அவர் இவ்வளவு பேசவில்லை.

கூடத்தில் பழைய பேப்பரை விரித்தார். சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். குழாய், கொக்கி, கீல், கறுத்துப் போன சுவிட்சு, உடைந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் செம்புக் கம்பியால் ஒரு அட்டை கட்டியிருந்தது. பிஸ்கட் பெட்டி அட்டை. அதில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. பதினாலு வருஷம் அந்தச் சாக்கின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன், உள்ளே இப்படி எழுத்து இருப்பது எனக்குத் தெரியாது. திறந்து பார்த்தவள் இல்லையே, திட்டியவள்தானே.

பிறகு குளியலறைக்குப் போனார். தண்ணீரை அடைத்தார். இவர் வாங்கிப் போட்ட நல்ல பித்தளைக் குழாயைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அந்தப் பழைய குழாயைப் பொருத்தித் தண்ணீரைத் திறந்தார். அது முன்பு எப்படி ஒழுகியதோ அப்படியே ஒழுகியது. இத்தனை வருஷம் சாக்கில் கிடந்தும் பழக்கத்தை விடவில்லை. கமலாம்பிகை அம்மா காலைத் தூக்கிக்கொண்டு, "இஞ்சேருங்கோ, தண்ணி இஞ்சால வருது!" என்று கத்தினார்கள். ஐயா அசையவில்லை, லிஸ்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்து கட்டில் பலகை. அதை நிமிர்த்தி அந்தப் பக்கம் திருப்பினார். ஓரத்தில் கீல் இருந்த தடம், நடுவில் தாழ்ப்பாள் ஓட்டை, அடிப்பக்கம் கறையான் தின்ற பொந்து. என் வாயில் "அலாமாக்" என்று வந்துவிட்டது. அது பின்கதவு! பதினோரு வருஷமாக நான் கதவின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன், தவமணி. முதுகு வலிக்கிறது முதுகு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேனே, அது கதவு அழுத்திய வலி! பழனியப்பன் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடிவிட்டார்.

அந்த நேரத்தில் நானாக இருந்தால் ஐயாவைப் பார்த்து நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருப்பேன். இவர் கேட்கவில்லை. முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு கூட இல்லை. கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மாட்டிடலாங்களா, ஐயா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை. மாட்டச் சொன்னால் மாட்டியிருப்பார்.

ஐயா குனிந்து கதவில் தொங்கிய அட்டையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, வாய்விட்டுப் படித்தார். பொருள், பின்கதவு. எடுத்த நாள், 1966 ஜூன் 12. காரணம், கறையான். பதிலுக்குப் போட்டது, மெராந்தி மரக் கதவு. ஐயாவிடம் சொன்னது, ஆமாம், கோயிலில். ஐயா அந்த அட்டையைக் கீழே விடவில்லை. இடுப்பு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில், அந்தப் பழைய பேப்பர் மேலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்தார். பொருள், அடுப்படி ஜன்னல் கண்ணாடி. எடுத்த நாள், 1969 தீபாவளிக்கு முந்தின நாள். காரணம் என்ற இடத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? "குணவதி, கரண்டி."

கமலாம்பிகை அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வரவில்லை. அன்றைக்கு நான் கரண்டியை வீசியது அவர் மேல்தான், கண்ணாடி மேல் இல்லை என்பதை அட்டையில் எழுதாமல் விட்டாரே, அதுவே பெரிய புண்ணியம்.

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். "உமக்கு உப்பிடி எழுத ஆர் பழக்கினது, சுப்பையா?"

"யாரும் இல்லைங்க. பிறைல கப்பல் பட்டறையில அப்படித்தான். பழைய சாமானைக் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் ஸ்டோர்ல புதுசு குடுப்பாங்க. அதுல அட்டை கட்டியிருக்கணும். எதைக் கழட்டுனாலும் அட்டை கட்டி வெச்சுக் கைப்பழக்கம் ஆயிருச்சு."

ஐயா மூக்குக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "முப்பத்தொரு வருஷம் உப்பிடி ஒரு ஸ்டோர்க் கவுண்டருக்கு இஞ்சால பக்கம் நிண்டனான்" என்றார். "பழசைக் கொண்டா, அட்டையைக் காட்டு எண்டு நான் எத்தினை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பன். ஒருத்தராவது உப்பிடிச் சுத்தமா எழுதிக் கொண்டு வந்ததில்லை." அவர் அதைச் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் பேசுகிற குரலாக இல்லை அது. பழைய ஆபீசில் பக்கத்து மேசைக்காரரிடம் பேசுகிற குரல்.

சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கதவு எழுபது, அடித்தார். குழாய் இருபது, அடித்தார். கொக்கி முப்பது, அடித்தார். நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். நூற்றிருபது போனால் இருநூற்று ஆறு கைக்கு வரும். நூர்ஜான் அக்காவுக்கு இன்னும் அறுபத்து நாலு குறைகிறது. கரிக்கும் ஆணிக்கும் எப்படியாவது பேசி அடிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அப்பா சொல்கிறார், "ஐயா, அடுப்படிக் கரி எங்களுதுதான். ஆணியும் நாங்க அடிச்சதுதான்."

ஓடிப் போய் அவர் தலையில் நறுக்கென்று குட்டலாம் போல இருந்தது. சும்மா இருந்திருந்தால் போதுமே! பேசாத மனுஷன் பேச வேண்டிய நாளாகப் பார்த்து இதைப் பேசுகிறார். "அதான் சுண்ணாம்பு கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

மத்தியானம் வரைக்கும் வேலை. அடுப்படிச் சுவரைச் சுரண்டி, கழுவி, இரண்டு பூச்சு வெள்ளையடித்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டைக்கு மாவு வைத்து அடைத்து, விரலால் தேய்த்து, அது ஓட்டை என்றே தெரியாமல் செய்தார். ஐயா முதலில் நின்று பார்த்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார். கமலாம்பிகை அம்மா எல்லாருக்கும் தேநீரும் வடையும் கொண்டு வந்தார்கள். ஐயா ஒரு வடையை ஊதி ஆற்றி ஏணி மேல் இருந்த உன் அப்பாவுக்கு எட்டிக் கொடுத்தார். பதினாலு வருஷம் வாடகை கொடுத்தோம், ஒரு வடை இப்போதுதான் வந்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் ஐயா லிஸ்டைக் கடைசியாக ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "சுப்பையா, லிஸ்டில ஆணி ஒண்டு இருக்கு. கூடத்துச் சுவர், படம் மாட்ட. அது நான் தந்தது. நீர் அதையும் சேர்த்துப் பிடுங்கிப் பூசிப்போட்டீர்." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு ஆணி! உன் அப்பா கால்சட்டைப் பையில் கையைவிட்டு, ஒரு துருப்பிடித்த நீள ஆணியை எடுத்து நீட்டினார். அதற்கு அட்டை கூடக் கட்டியிருந்தது. நான் கவனிக்காத நேரம் பார்த்து எழுதியிருக்கிறார். பொருள், ஆணி. ஐயாவுடையது.

ஐயாத்துரை ஐயா சிரித்து நீ பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சம்சாரம் பயந்துபோய் முதுகைத் தடவிவிட்டார்கள். "கழட்டும் ஐசே, அந்தப் பழைய பைப்பை முதல்ல கழட்டும். வீடு வெள்ளத்தில போகப் போகுது" என்றார். அப்பா நல்ல குழாயைத் திரும்ப மாட்டினார். ஐயா அங்கேயே ஜன்னல் கட்டையில் வைத்து முந்நூறு வெள்ளியையும் எண்ணிக் கொடுத்து, மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மனிதர் மாறவில்லை, சிரித்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நூர்ஜான் அக்காவின் கடைக்குப் போய் இருநூற்று எழுபதை வைத்தேன். "சொன்ன நாளைக்கு முன்னாடியே கொண்டு வந்துட்டியே, கெட்டிக்காரிதான் நீ" என்றாள். கெட்டிக்காரி நான் இல்லை அக்கா, என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உன் அப்பாவைப் புகழ்ந்து பழக்கம் இல்லையே. உனக்கு மட்டும் சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக மௌனசாமி, மரக்கட்டை என்று அவரைக் கேலி செய்துவிட்டேன். அந்த ஆள் என்னைப் போலக் கத்தி ஜெயித்திருந்தால் ஐயா வாசலில் பகைதான் மிஞ்சியிருக்கும். இப்போது அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் கணக்கெழுத இவரையும் கூடக் கூப்பிட்டிருக்கிறார் ஐயா. ஏணியைப் பிடித்த கைக்கு விட மனம் வரவில்லை போலிருக்கிறது. மீதி முப்பதில் அம்மனுக்கு மாலை போட்டேன். உனக்கு மிளகாய்த் தூளும் நெத்திலியும் தனியாகப் பார்சல் வரும். கழுத்தெலும்பு மறைகிற வரை தின்.

இனி, கவரில் இருக்கிறதைப் பற்றி.

ஐயா கொக்கிக்கு முப்பதை அடித்தார் என்றேன் அல்லவா. அந்தப் பழைய கொக்கியின் அட்டையை அவர் படித்தபோதுதான் நானும் கேட்டேன். பொருள், ஜன்னல் மேல்கொக்கி. எடுத்த நாள், குடிவந்த மறுநாள். காரணம், "பாப்பாவுக்கு எட்டவில்லை." உனக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் நீயே ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும் உனக்கு. எட்டாமல் அழுதாய். மறுநாளே கீழே ஒரு பித்தளைக் கொக்கி வந்துவிட்டது. நீ வளர்ந்து ஜன்னலை விட உயரமான பிறகும் குனிந்து அந்தக் கீழ்க்கொக்கியைத்தான் திறப்பாய்.

எல்லாவற்றையும் ஐயாவுக்கே விட்டுக்கொடுத்தவர், அதை மட்டும் கேட்டார். "ஐயா, நான் போட்ட கதவு, குழாய் எல்லாம் இங்கேயே இருக்கட்டும். இந்தக் கீழ்க்கொக்கியை மட்டும் நான் கழட்டிக்கிறேங்க. பழசை மேலயே மாட்டிடுறேன்." லிஸ்டின்படி அதுதான் சரி என்று ஐயாவும் தலையாட்டினார். பிறகு, "அந்தச் சின்னப் பிள்ளை இப்ப எங்க?" என்று கேட்டார். சீமையில் நர்ஸ் படிக்கிறது என்றேன் நான். "எப்ப வரும்?" என்று உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா "ம்" கூடச் சொல்லவில்லை. அந்தக் கொக்கியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேற்று நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து நின்று, இதையும் சேர்த்து வை என்று கொடுத்தார். கம்பி கட்டிய அட்டை. இப்போது எடுத்துப் பார். கொக்கி வராது, அது எங்கள் அலமாரியில் இருக்கிறது. அட்டை மட்டும்தான். நீ கேட்டாயே, அப்பா ஒரு வரி கூட எழுதுவதில்லை என்று. அவர் எழுதுகிற கடிதம் இப்படித்தான் இருக்கும். பென்சில் எழுத்து, வழியில் அழிந்து போயிருந்தால் என்று நானும் கீழே எழுதிவிடுகிறேன்.

பொருள்: ஜன்னல் கொக்கி, பித்தளை, ஒன்று.
எடுத்த இடம்: பழைய வீடு, பாப்பா அறை.
எடுத்த நாள்: 27.3.77.
காரணம்: வீடு மாற்றம்.
பதிலுக்குப் போட்டது:
உரியவர் நேரில் வந்து, கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ளவும்.

பதிலுக்குப் போட்டது என்ற இடம் காலியாக இருக்கிறதே, பழைய கொக்கியை மாட்டினீர்களே, அதை எழுத வேண்டாமா என்று கேட்டேன். "அது ஜன்னலுக்குப் போட்டது" என்றார். அந்த இடத்தை நானும் காலியாகவே விட்டு எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருஷம் இருக்க வேண்டுமென்றால் இருந்து படி, பாப்பா. நான் தடுக்கவில்லை, அவரும் தடுக்கமாட்டார். உன் கை பட்டுப் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். நீ நீண்ட ஆயுளோடு, பசி தெரியாமல், குளிர் தெரியாமல் இரு. கொக்கியைத் தபாலில் அனுப்பிவிடலாமே, பிள்ளைக்கு ஞாபகமாக இருக்குமே என்று மட்டும் உன் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். ஸ்டோரில் அப்படி வழக்கம் இல்லையாம். எத்தனை நாள் ஆனாலும் சாமான் பத்திரமாக இருக்குமாம். ஆள்தான் நேரில் வர வேண்டுமாம்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
குணவதி